நிறுத்தி வைத்த வண்டிகளும் நேதாஜியின் வாண்டரரும்

கொடைக்கானல் மலையில் பேத்துப்பாறை மாதிரி கிராமங்கள் பக்கம் போனால் ஒரு விஷயம் கண்ணில் படும். அங்கே ஜீப்தான் பஸ், ஜீப்தான் லாரி, அவசரத்துக்கு ஆம்புலன்ஸும் ஜீப்தான். பூண்டு மூட்டை ஏறும், வாழைத்தார் ஏறும், பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ஏறுவார்கள். அந்த ஜீப்புகளில் பலவற்றின் வயதைக் கேட்டால் அதை ஓட்டுகிற அண்ணனை விடக் கூடுதலாக இருக்கும். ஆனாலும் ஓடுகிறது. எப்படி என்று கேட்டால் மெக்கானிக்குகள் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்வார்கள்: "ஓடுற வண்டி கெடாது, நிறுத்துன வண்டிதான் கெடும்."

இது சும்மா பேச்சுக்குச் சொல்வது இல்லை. நிறுத்தி வைத்தால் வண்டி அப்படியே இருக்கும், பத்திரமாக இருக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மை நேர் எதிர். இந்தக் கட்டுரை அப்படி நிறுத்தி வைக்கப்பட்ட சில வண்டிகளைப் பற்றியது. முக்கியமாக ஒரு கார், நம் நாட்டுச் சரித்திரத்தில் ஒரே ஒரு ராத்திரி வேலைக்காகப் பேர் வாங்கிய கார்.

முதலில் ஷெட்டுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

ஒரு காரை ஷெட்டில் விட்டு, மேலே தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, இருபது வருஷம் கழித்து வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். டேங்கில் இருந்த பெட்ரோல் ஆவியாகி, மிச்சம் கோந்து மாதிரி ஆகியிருக்கும். அது கார்ப்பரேட்டரின் ஊசித்துளை அளவு ஜெட்களை அடைத்திருக்கும். டேங்கின் உள்பக்கம் துரு. பிரேக் ஆயிலுக்குக் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. அதனால் வீல் சிலிண்டர்கள் உள்ளுக்குள்ளேயே துருப்பிடித்து இறுகிப் போயிருக்கும். பேட்டரி செத்திருக்கும். டயர் தரையில் பட்ட இடம் தட்டையாகிப் போயிருக்கும். கிளட்ச் பிளேட் ஃபிளைவீலோடு ஒட்டிக்கொண்டிருக்கும். வயர்களை எலி ஒரு கை பார்த்திருக்கும். மலைப்பிரதேசம் என்றால் பனிமூட்டமும் ஈரமும் சேர்ந்து இதையெல்லாம் பாதி நேரத்திலேயே முடித்துவிடும்.

பெரிய தலைவலி இன்ஜின். பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு துருவால் பிடித்துக்கொள்ளும். இதைத்தான் "இன்ஜின் ஜாம்" என்கிறார்கள். ஆர்வக்கோளாறில் புது பேட்டரி மாட்டி நேராக செல்ஃப் அடித்தால், ரிங் உடையலாம், சிலிண்டர் கீறலாம். இருபது வருஷம் பொறுத்த வண்டி இருபது செகண்டில் போய்விடும். விஷயம் தெரிந்தவர்கள் அவசரப்பட மாட்டார்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக ஆயிலையும் மண்ணெண்ணெயையும் கலந்து ஊற்றி, நாள்கணக்கில் ஊறவிடுவார்கள். பிறகு கையால் மெதுவாகத் திருப்பிப் பார்ப்பார்கள். அசைந்தால் பாதி ஜெயித்த மாதிரி. பழைய ஆயிலை வடித்து, டேங்கைக் கழற்றிக் கழுவி, ரப்பர் ஹோஸ்களை எல்லாம் மாற்றி, முதலில் பிரேக்கைச் சரிபார்த்து, அதற்குப் பிறகுதான் ஸ்டார்ட். (ஓடுவதை விட நிற்பது முக்கியம். மலை ரோட்டில் இறங்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.)

இப்போது இன்னொரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. 2000-ல் ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுவதும் நின்றது. ஈயத்தை நம்பி வடிவமைக்கப்பட்ட பழைய இன்ஜின்களின் வால்வு சீட்டுகளுக்கு அது ஒரு அடி. 2025 வாக்கில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் எல்லா பங்குகளுக்கும் வந்தது. எத்தனால் தண்ணீரை இழுக்கும், பழைய ரப்பரை அரிக்கும். ஆக, 1937 வண்டியை 1937 மாதிரியே தயார் செய்தாலும் அது குடிக்கிற பெட்ரோல் இப்போது கிடைக்காது.

சரி, இந்தியாவில் ஏன் இத்தனை கார்கள் ஷெட்டில் முடங்கின?

முதல் காரணம் இரண்டாம் உலகப் போர். 1941-ல் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. பஸ்களும் லாரிகளும் பின்னால் கரியடுப்பு மாதிரி ஒரு டிரம்மைக் கட்டிக்கொண்டு, கரிவாயுவில் ஓடின. சொந்தக் கார் வைத்திருந்த பலர் வண்டியைக் கட்டைமேல் தூக்கி நிறுத்தினார்கள். அடுத்தது ஸ்பேர் பார்ட்ஸ். 1953-ல் சுங்கவரி ஆணையம் (டாரிஃப் கமிஷன்) இந்தியாவிலேயே படிப்படியாக முழுக்கத் தயாரிக்கும் திட்டம் உள்ள கம்பெனிகள்தான் தொடரலாம் என்கிற மாதிரி பரிந்துரைத்தது. இறக்குமதி செய்த பாகங்களை இங்கே பூட்டி விற்றுக்கொண்டிருந்த ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டின. தெருவில் ஓடிக்கொண்டிருந்த ஃபோர்டும் செவர்லேயும் ஒரே நாளில் அநாதை ஆகவில்லை. ஆனால் ஒவ்வொரு பார்ட்டாக உடைய உடைய ஒவ்வொரு வண்டியாக நின்றது. 1971-ல் மன்னர் மானியம் ஒழிந்ததும் அரண்மனை கராஜ்களின் கதையும் முடிந்தது.

மலை ஜீப் இதில் தப்பியது ஏன் தெரியுமா? மஹிந்திரா 1940-களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்ட ஆரம்பித்து, பிறகு இங்கேயே தயாரித்து, அந்த அடிப்படை வடிவத்தைப் பல பத்தாண்டுகள் பெரிதாக மாற்றாமல் வைத்திருந்தது. பார்ட் எந்த ஊரிலும் கிடைத்தது. அதனால் ஜீப் நிற்கவில்லை. ஒன்று மட்டும்: முப்பது வருஷத்தில் இன்ஜின் மாறி, கியர் பாக்ஸ் மாறி, பாடியும் இரண்டு தடவை மாறியிருந்தால் அது பழைய ஜீப்பா புது ஜீப்பா? ஆர்.சி. புக்கில் மட்டும் பழைய ஜீப். :-) இந்தக் கேள்வியை ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

இப்போது கல்கத்தாவுக்குப் போவோம்.

1940 டிசம்பர் 5. சிறையில் உண்ணாவிரதம் இருந்து உடல் மோசமான சுபாஷ் சந்திர போஸை ஆங்கில அரசு விடுவித்து, எல்ஜின் ரோடு வீட்டுக்கு அனுப்பியது. வீட்டைச் சுற்றி ரகசியப் போலீஸ். அங்கிருந்து தப்ப வேண்டும். யார் உதவியால்? அண்ணன் சரத் சந்திர போஸின் மகன் சிசிர் குமார் போஸ். அப்போது அவர் மெடிக்கல் காலேஜ் மாணவர், வயது 20. (இதைப் படிக்கிற கல்லூரி நண்பர்கள் தங்கள் வயதை ஒருமுறை நினைத்துக்கொள்ளவும்.)

எந்தக் காரில் போவது என்பதில் யோசனை நடந்தது. குடும்பத்தில் பெரிய ஸ்டூட்பேக்கர் பிரசிடென்ட் ஒன்று இருந்தது. வலுவான வண்டிதான், ஆனால் அது யாருடைய கார் என்று ஊருக்கே தெரியும். வாண்டரர் சின்னது, கண்ணில் படாதது. ஜெர்மன் தயாரிப்பு, W24 மாடல், நாலு சிலிண்டர், 1767 சி.சி., 42 குதிரைத்திறன். பதிவு எண் பி.எல்.ஏ. 7169. சிசிர் அந்தக் காரைச் சரிபார்த்து, டிசம்பரிலேயே பர்த்வான் வரை ஓட்டிப் போய்த் திரும்பி ஒத்திகை பார்த்தார். தேதி குறிப்பதற்கு முன்னால் வண்டியைச் சோதித்தார்கள் என்பது கவனிக்க வேண்டிய விஷயம். வழியில் இன்ஜின் நின்றிருந்தால் சரித்திரமே வேறு.

1941 ஜனவரி 16 இரவு. நள்ளிரவு தாண்டி சுமார் ஒன்றரை மணிக்குக் கிளம்பினார்கள். சுபாஷ் அப்போது சுபாஷ் இல்லை. இன்சூரன்ஸ் கம்பெனி இன்ஸ்பெக்டர் முகம்மது ஜியாவுதீன். பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தவர் தன் பக்கத்துக் கதவைச் சாத்தாமல் கையால் பிடித்துக்கொண்டார். டிரைவர் கதவு ஒன்றுதான் சத்தமாகச் சாத்தப்பட்டது. கேட்பவர்களுக்கு ஒரே ஆள் கிளம்பிப் போகிற மாதிரி இருக்க வேண்டும் அல்லவா? பிரெஞ்சு சந்தர்நாகூர், பர்த்வான், அசன்சோல் என்று கிராண்ட் டிரங்க் ரோட்டில் ராத்திரி முழுக்க ஓட்டம். காலையில் தன்பாத் அருகே பராரி, சிசிரின் அண்ணன் அசோக் போஸ் வேலை பார்த்த இடம். பகல் முழுக்க அங்கே "விருந்தாளி"யாக இருந்து, மறுபடி இரவில் கோமோ ஸ்டேஷன். அங்கே டெல்லி – கால்கா மெயில். அதற்கப்புறம் பெஷாவர், காபூல், மாஸ்கோ. ஏப்ரல் தொடக்கத்தில் பெர்லின். தப்பித்துப் போனது ஜெர்மன் காரில், போய்ச் சேர்ந்ததும் ஜெர்மனி! 1943-ல் அங்கிருந்து நீர்மூழ்கிக் கப்பலில் கிழக்கே வந்து, சிங்கப்பூரில் இந்திய தேசிய ராணுவத்தின் தலைமையை ஏற்றார். மலேயா தோட்டங்களில் இருந்த ஆயிரக்கணக்கான தமிழர்கள் அந்த ராணுவத்தில் சேர்ந்தார்கள், ஜான்சி ராணி படைக்குத் தலைமை ஏற்றது சென்னையில் பிறந்த லட்சுமி என்பதெல்லாம் நமக்குத் தெரிந்ததுதான். அந்தத் தொடர் நிகழ்ச்சிகளின் முதல் சுமார் 300 கிலோமீட்டரை உருட்டியது இந்த 42 குதிரைத்திறன் வண்டி.

அன்று இரவோடு காரின் வேலை முடியவில்லை. கோமோவில் சித்தப்பாவை விட்டுவிட்டு சிசிர் அதே காரில் திரும்பி வந்தார். அது சாதாரணக் குடும்பக் காராகத் தொடர்ந்தது. எல்ஜின் ரோடு வீடு நேதாஜி பவன் ஆனது, 1957-ல் நேதாஜி ஆய்வு மையம் ஏற்பட்டது, கார் காட்சிப் பொருளானது. பல பத்தாண்டுகள் கண்ணாடிக்குப் பின்னால் நின்றது.

மேலே சொன்ன ஷெட் கதைதான் இங்கேயும். கண்ணாடி தூசியைத் தடுக்கும். ஈரத்தையும் காலத்தையும் தடுக்காது. கல்கத்தா காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? ஸ்பேர் பார்ட் வாங்கலாம் என்றால் கம்பெனியே இல்லை. வாண்டரர், 1932-ல் ஆடி, டி.கே.டபிள்யூ., ஹார்ஷ் ஆகியவற்றோடு சேர்ந்து ஆட்டோ யூனியன் ஆன நிறுவனம். இன்று ஆடி காரின் முகப்பில் இருக்கிற நாலு வளையங்களில் ஒன்று வாண்டரருடையது. போருக்குப் பிறகு அதன் ஊரான செம்னிட்ஸ் சோவியத் வசம் போனது. மேற்கு ஜெர்மனியில் இங்கோல்ஸ்டாட்டில் ஆட்டோ யூனியன் மறுபடி எழுந்தது, ஆனால் வாண்டரர் கார் மறுபடி வரவேயில்லை.

கடைசியில் காரை மீட்டமைத்தார்கள். 2017 ஜனவரி 18 அன்று, தப்பித்த பயணத்தின் 76-ஆம் ஆண்டு நினைவை ஒட்டி, அன்றைய ஜனாதிபதி பிரணாப் முகர்ஜி நேதாஜி பவனில் அதைத் திறந்து வைத்தார். பளபளவென்று, 1941-ல் இருந்த தோற்றத்தில்.

இங்கேதான் யோசிக்க வேண்டியிருக்கிறது. ஒரு வண்டியை "பழைய நிலைக்கு" கொண்டுவருவது என்றால் எந்தப் பழைய நிலை? ஃபாக்டரியில் இருந்து வந்த நாள்? அந்த ஒரு இரவு? அதற்குப் பிறகு சிசிர் ஓட்டிய வருஷங்களில் விழுந்த கீறலும், உரசிப்போன மிதிகளும், மங்கிய பெயின்டும் கூட அந்தக் காரின் சரித்திரம்தானே? புதுப் பெயின்ட் அடித்த நிமிஷம் அதெல்லாம் போய்விடும். போனது போனதுதான், திரும்பக் கொண்டுவர முடியாது. அதே சமயம் அடிக்காமல் விட்டால் துரு தின்றுவிடும். நேதாஜி காரைப் பொறுத்தவரை 1941 தோற்றத்தைத் தேர்ந்தெடுத்ததில் நியாயம் இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் அந்த இரவைத்தான் பார்க்க வருகிறார்கள். ஆனால் அது ஒரு தேர்வு. அதற்கு ஒரு விலை உண்டு.

பழைய வண்டிக்காரர்களின் உலகச் சம்மேளனமான ஃபீவா 2013-ல் அங்கீகரித்த டுரின் சாசனம் இந்தப் பிரச்சினையைத்தான் பேசுகிறது. முடிந்தவரை இருப்பதைக் காப்பாற்று, தேவைக்கு மேல் மாற்றாதே, மாற்றியதை எழுதி வை என்பது அதன் சாரம். அதன் எல்லை வரை போன ஒரு உதாரணம் 1925 புகாட்டி பிரெஸ்ஸியா. சுவிட்சர்லாந்தில் வரி கட்டாத வண்டி என்று மஜ்ஜோரே ஏரிக்குள் சங்கிலியில் கட்டி இறக்கினார்கள். சங்கிலி அறுந்து 50 மீட்டருக்கும் ஆழத்தில் போய் விழுந்தது. 2009 ஜூலையில் வெளியே எடுத்தபோது பாதி உடம்பு கரைந்திருந்தது. 2010 ஜனவரியில் பாரிஸ் ஏலத்தில் 2,60,500 யூரோவுக்குப் போனது! வாங்கிய அமெரிக்கர் பீட்டர் மல்லின் அதை ரிப்பேர் செய்யவில்லை. ஏரியில் இருந்து வந்த கோலத்திலேயே காட்சிக்கு வைத்தார்.

பிரான்ஸில் பையோன் குடும்பத்தின் கதையும் இப்படித்தான். தாத்தா மியூசியம் கட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டுச் சேர்த்த கார்கள், தொழில் நொடித்து, தகரக் கொட்டகையில் பல பத்தாண்டு கிடந்தன. அதில் ஒரு ஃபெராரி பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கு அடியில் இருந்தது. 2015 பிப்ரவரியில் அது ஒன்று மட்டும் சுமார் 1.63 கோடி யூரோ. தூசியைக்கூடத் துடைக்காமல் ஏலத்துக்குக் கொண்டு வந்தார்கள், தூசிக்கும் சேர்த்துத்தான் விலை.

காமர்ஸ் மாணவர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். நம் பாடத்தில் காருக்கு வருமான வரிக் கணக்கில் ஆண்டுக்கு 15 சதவீதம், குறைந்துசெல் மதிப்பு முறையில் தேய்மானம். ஒரு லட்ச ரூபாய் கார் ஐம்பது வருஷம் கழித்து அந்தக் கணக்கில் 30 ரூபாய்க்கும் கீழே. அதே ஐம்பதாவது வருஷத்தில்தான் அது "விண்டேஜ்" ஆகிறது. கணக்குப் புத்தகம் கைவிடுகிற இடத்தில் ஏலக்காரன் பிடித்துக்கொள்கிறான். ஆனால் எல்லா வண்டிக்கும் இது நடக்காது என்பதையும் சொல்ல வேண்டும். தாத்தாவின் அம்பாசிடரையோ பத்மினியையோ எழுப்ப ஆகும் செலவு, எழுப்பிய பிறகு அதன் விற்பனை விலையை விடப் பெரும்பாலும் அதிகம். அதைச் செய்கிறவர்கள் லாபத்துக்காகச் செய்வதில்லை.

காட்சிக்கு வைப்பதா, ஓட்டுவதா என்ற கேள்விக்கு "ஓட்டு" என்று பதில் சொன்னவர்களும் உண்டு. ஹைதராபாத் நிஜாம் ரயில்வேக்காக 1914-ல் இங்கிலாந்தின் சால்ஃபோர்டில் ஜான் மாரிஸ் கம்பெனி செய்த தீயணைப்பு வண்டி 1960 வரை வேலை பார்த்தது. இப்போது டெல்லி தேசிய ரயில் மியூசியத்தின் சொத்து. ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையின் விண்டேஜ் ராலியில் அது ஓடி வருவதைப் பார்க்கவே கூட்டம் சேரும்.

கார் இல்லை என்றாலும், நம்ம சென்னைக்கு இதில் ஒரு பெரிய பெருமை இருக்கிறது. 1855-ல் லீட்ஸில் செய்த நீராவி எஞ்சின் ஃபேரி க்வீன். 1909-ல் ஓய்வு. ஹவுராவில் கொஞ்ச காலம், சந்தவுசியில் கொஞ்ச காலம், பிறகு டெல்லி மியூசியம் என்று 88 வருஷம் நின்ற எஞ்சினை எழுப்பியது பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ். 1997-ல் மெயின் லைனில் ஓடியது. 1998-ல் தொடர்ந்து இயங்கும் உலகின் மிகப் பழைய நீராவி எஞ்சின் என்று கின்னஸில் ஏறியது. 2011-ல் டெல்லி ஷெட்டில் நின்றபோது அதன் பாகங்களைத் திருடர்கள் கழற்றிக்கொண்டு போனார்கள் (இதற்கு என்ன சொல்வது!). மறுபடி பெரம்பூருக்குத்தான் வந்தது. இல்லாத பாகங்களைப் புதிதாகச் செய்து பூட்டினார்கள். அதே வயது, அதே கம்பெனியைச் சேர்ந்த அதன் ஜோடி எஞ்சின் இ.ஐ.ஆர். 21-ஐயும் நூறு வருஷத் தூக்கத்தில் இருந்து எழுப்பி, 2010 ஆகஸ்ட் 15 அன்று சென்னையில் ஓட்டிக் காட்டியது இதே பெரம்பூர்தான்.

பாகம் புதிது, எஞ்சின் பழையதா என்று கேட்டால், அந்த ஜீப் கேள்விதான். தொழிற்சாலைக்காரர்களுக்கு இதில் குழப்பமே இல்லை. ஓடிக்கொண்டிருந்த காலத்திலும் எஞ்சினுக்குப் பாகம் மாற்றிக்கொண்டேதான் இருந்தார்கள். ஓடாமல் கண்ணாடிக்குள் நின்றால்தான் எந்த ஆணி ஒரிஜினல் என்று எண்ண நேரம் கிடைக்கிறது. இந்த வாதத்தில் பலம் இருக்கிறது. ஆனால் ஃபேரி க்வீன் எத்தனையோ எஞ்சின்களில் ஒன்று. சுபாஷ் கையால் பிடித்துக்கொண்டிருந்த கதவு ஒன்றே ஒன்றுதான். அதை மாற்றிவிட்டால் மிச்சம் இருப்பது இன்னொரு வாண்டரர், அவ்வளவுதான். அதனால் இரண்டுக்கும் ஒரே விதி பொருந்தாது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவில் இருந்து 50 வருஷம் தாண்டிய இரு சக்கர, நாலு சக்கர வண்டிகளுக்கு இது பொருந்தும். அடிப்படை வடிவத்தைப் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது. பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும், மறுபதிவு 5,000. புதுப் பதிவு என்றால் எண்ணில் "வி.ஏ." என்று வரும், ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். இது நல்ல விஷயம். பி.எல்.ஏ. 7169 என்ற எண் இல்லாமல் அந்தக் காரை யோசித்துப் பாருங்கள்.

ஆனால் தினமும் ஆபீஸுக்கோ சந்தைக்கோ எடுத்துப் போக முடியாது. கண்காட்சி, ராலி, தொழில்நுட்ப ஆராய்ச்சி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது, இவற்றுக்கு மட்டும்தான் ரோட்டில் அனுமதி. அதாவது மலை ஜீப் ஒன்று ஐம்பது வயதில் விண்டேஜ் பதிவு வாங்கினால், பூண்டு மூட்டை ஏற்ற முடியாது. சாதாரணப் பதிவிலேயே எஃப்.சி. எடுத்துக்கொண்டு ஓட வேண்டியதுதான்.

கோமோ ஸ்டேஷனின் பெயர் 2009-ல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் ஜங்ஷன் என்று மாறியது. கால்கா மெயில் 2021-ல் நேதாஜி எக்ஸ்பிரஸ் ஆனது. கார் மட்டும் அதே எண்ணோடு, கிளம்பிய அதே வீட்டில் நிற்கிறது.